ஓப்பன்ஹைமர் வீட்டுப் பணம்: வாசகர் கேள்வி – பதில்

சுரங்கச் செல்வர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஹாரி ஓப்பன்ஹைமரைப் பற்றியே. தென்னாப்பிரிக்காவின் ஆங்கிலோ அமெரிக்கன், டி பியர்ஸ் என்ற இரண்டு பெரும் சுரங்க நிறுவனங்களுக்கு வாரிசாக வந்து, கால் நூற்றாண்டுக் காலம் தலைமை வகித்து, 2000-ஆம் ஆண்டில் 91 வயதில் ஜொகனஸ்பர்க்கில் மறைந்தவர். சில கடிதங்கள் அவரில் தொடங்கி வாசகர்களின் சொந்தக் காரியங்களுக்குத் தாவியிருந்தன. அவற்றையும் விடவில்லை.

லா லூசியா வாசகி: எங்கள் பகுதியில் ஓப்பன்ஹைமர் வீடு என்று ஒன்றைச் சொல்வார்கள். அணுகுண்டு செய்த ஓப்பன்ஹைமர்தான் அவர் என்கிறான் என் மகன். உண்மையா?

இல்லை. அணுகுண்டுக்காரர் ராபர்ட், நியூயார்க்கில் பிறந்த இயற்பியலாளர். இவர் ஹாரி, 1908-இல் வைரச் சுரங்க நகரமான கிம்பர்லியில் பிறந்தவர். லா லூசியாவில் இருந்த 'மில்க்வுட்' இவருடைய கடற்கரை வீடு. மகனோடு பந்தயம் கட்டியிருந்தால் இன்றே வசூலித்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த் வாசகர்: அப்பா சேர்த்து வைத்ததை மகன் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதானே? இதில் ஹாரியின் சொந்தச் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது?

அப்பாவிடமிருந்து தொடங்குவோம். எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் 1880-இல் ஜெர்மனியின் ஃப்ரீட்பெர்க்கில் பிறந்தவர். ஒரு லண்டன் வைர வணிக நிறுவனத்தின் ஆளாக 1902-இல் கிம்பர்லிக்கு வந்தார். அப்போது வயது 22. பத்தாண்டில் ஊர் மேயர் ஆனார். 1915-இல் லூசிடானியா கப்பலை ஜெர்மானியர் மூழ்கடித்தபோது, ஜெர்மன் பெயர் வைத்திருந்த எல்லோர் மீதும் கோபம் திரும்பியது. குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. 1917-இல் பத்து லட்சம் பவுண்ட் முதலோடு ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த மூலதனத்தில் ஒரு பகுதி அமெரிக்கப் பணம், பெயரிலேயே தெரிகிறது. அடுத்து, இன்றைய நமீபியாவில் ஜெர்மானியர் வசம் இருந்த வைர வயல்களை வாங்கினார். டி பியர்ஸுக்குப் போட்டியாகச் சந்தையில் கொட்டக்கூடிய வைரம் அவர் கைக்கு வந்துவிட்டது. பிறகு டி பியர்ஸ் அவரை வெளியே நிறுத்திவைக்க முடியுமா? 1929-இல் அதன் தலைவரே அவர்தான்.

அதே ஆண்டில்தான் உலகப் பொருளாதாரம் சரிந்தது. மோதிரம் வாங்க ஆளில்லை. கிம்பர்லிச் சுரங்கங்களை மூடினார்கள், எடுத்த வைரத்தை விற்காமல் பெட்டகத்தில் அடுக்கினார்கள். 1931-இல் ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடித்து ஹாரி வேலைக்குச் சேர்ந்தது இந்த நிலையில் இருந்த நிறுவனத்தில்.

அவருடைய சொந்தக் கணக்கில் எழுத வேண்டிய முதல் காரியம் 1938-இல் நடந்தது. நியூயார்க் போய் என். டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தினார். விலையைக் குறைத்து விற்பது அவர்கள் வழியல்ல. கல்யாணத்துக்கு நிச்சயம் என்றால் வைர மோதிரம் என்ற வழக்கத்தை அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களில் ஆழமாக ஊன்றுவதுதான் திட்டம். 'வைரம் என்றென்றைக்கும்' என்ற பொருள் கொண்ட புகழ்பெற்ற வாசகத்தை அதே நிறுவனத்தின் ஃப்ரான்சிஸ் கெரிட்டி என்ற பெண் 1947-இல் எழுதினார். அந்த வாசகத்துக்குள் ஒரு வணிகத் தந்திரமும் இருக்கிறது: என்றென்றைக்கும் வைத்திருக்கும் பொருளை யாரும் திரும்ப விற்கப் போவதில்லை. பழைய வைரம் சந்தைக்கு வராதவரை புதிய வைரத்தின் விலை விழாது.

அடுத்தது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துத் தங்கம். போர் முடிந்த கையோடு ஓடன்டால்ஸ்ரஸ் பக்கம் துளையிட்டுப் பார்த்ததில் வளமான படிவு தெரிந்தது. ஆங்கிலோ அங்கே வெல்கம் என்ற நகரத்தையே புதிதாகக் கட்டியது. ஆழச் சுரங்கம் என்றால் முதல் தங்கம் வெளியே வரும்வரை ஆண்டுக்கணக்கில் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் பல சுரங்கங்களுக்கு அதைத் தாங்கியதில் ஹாரிக்குப் பெரும்பங்கு உண்டு. இடையில் 1948 முதல் 1957 வரை கிம்பர்லியின் நாடாளுமன்ற உறுப்பினர், ஐக்கியக் கட்சி. 1957 நவம்பரில் அப்பா இறந்ததும் அரசியலை விட்டுவிட்டு இரண்டு நிறுவனங்களுக்கும் தலைவரானார். ஆங்கிலோவில் 1982 வரை, டி பியர்ஸில் 1984 வரை.

ஆகவே 'வெறும் வாரிசு' என்று தள்ளிவிட முடியாது. தொடங்கும்போதே மலை உச்சியில் நின்றவர் என்பதையும் மறுக்க முடியாது.

லெனேசியா, கணக்கியல் மாணவர்: ஆங்கிலோ அமெரிக்கனில் அந்தக் குடும்பத்துக்குச் சுமார் 8 சதவீதப் பங்குதான் என்று படித்தேன். 8 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு பேரரசை ஆள்வது எப்படி?

நல்ல கேள்வி. இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலோவின் கையில் டி பியர்ஸின் மூன்றில் ஒரு பங்கு அளவு. டி பியர்ஸின் கையில் ஆங்கிலோவின் மூன்றில் ஒரு பங்கு அளவு. இரண்டுக்கும் தலைவர் ஒருவரே. வெளியிலிருந்து ஒருவர் ஆங்கிலோவைக் கைப்பற்ற வந்தால், டி பியர்ஸ் வைத்திருக்கும் பெரிய கட்டு அவருக்கு எதிராக வாக்களிக்கும். டி பியர்ஸைத் தொட்டால் ஆங்கிலோவின் கட்டு எதிர்க்கும். மீதிப் பங்குகள் ஆயிரக்கணக்கான சிறு முதலீட்டாளர்களிடம் சிதறிக் கிடந்தன, அவர்கள் ஒன்றுசேர வழியில்லை. இந்த அமைப்பில் குடும்பத்தின் 8 சதவீதம், மற்றவர்களின் 40 சதவீதம் செய்யாததைச் செய்தது.

இதற்குக் கீழே இன்னோர் அடுக்கு. ஒவ்வொரு சுரங்கமும் தனித்தனி நிறுவனமாகப் பங்குச் சந்தையில் இருக்கும். ஆங்கிலோவுக்கு அதில் சிறுபான்மைப் பங்கும், அதோடு நிர்வாக ஒப்பந்தமும் இருக்கும். பொறியாளர், கொள்முதல், கணக்கு எல்லாம் ஜொகனஸ்பர்க் 44 மெயின் தெருவிலிருந்து போகும். அதற்குக் கட்டணம் வரும். மூலதனத்தில் பெரும்பகுதி பிறருடையது, நிர்வாகம் மட்டும் இவர்களுடையது.

மூன்றாவது காரணம் அரசாங்கமே உண்டாக்கியது. 1960-இல் கறுப்பினப் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டுக்கொன்ற ஷார்ப்வில் படுகொலைக்குப் பிறகு வெளிநாட்டு முதலீடு ஓட்டம் பிடித்தது. அரசு நாணயக் கட்டுப்பாட்டை இறுக்கியது. உள்நாட்டில் கிடைத்த லாபத்தை வெளியே கொண்டுபோக வழியில்லாததால் உள்ளூரிலேயே கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார்கள்: காகிதம், கார், மதுபானம், வங்கி. டர்பன்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் மெரிபேங்க் காகித ஆலை. அதை நடத்திய மோண்டி நிறுவனத்தை 1967-இல் தொடங்கியது ஆங்கிலோ. 1986-இல் பார்க்ளேஸ் வங்கி நாட்டைவிட்டு வெளியேறியபோதும் பங்குகளை வாங்கியது ஆங்கிலோ குழுதான். அந்த வங்கிதான் அடுத்த ஆண்டு ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி என்று பெயர் மாறியது. 1980-களில் ஜொகனஸ்பர்க் பங்குச் சந்தை மதிப்பில் பாதிக்கும் மேல் இந்தக் குழுவின் பிடியில் இருந்தது. நிறவெறி அரசை எதிர்த்துப் பேசியவரின் நிறுவனம் நிறவெறிக் காலத்தில்தான் இவ்வளவு பருத்தது. இது முரண்பாடு போலத் தெரியும். வழி அடைத்த நீர் தேங்கி ஏரியாவது போன்றதுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை: அவர் கொடுத்த கொடைகளில் முக்கியமானவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எவை?

ஜொகனஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவில் கட்டிய வீடுகளைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதில் இரண்டு திருத்தம். ஒன்று, 1956-இல் அதை முன்னின்று நடத்தியவர் ஹாரி அல்ல, அப்பா எர்னஸ்ட். அங்குள்ள மொரோக்கா பகுதிக் குடிசைகளைப் பார்த்துவிட்டு வந்து, சுரங்க நிறுவனங்களை ஒன்றுதிரட்டி ஜொகனஸ்பர்க் நகராட்சிக்கு 30 லட்சம் பவுண்ட் ஏற்பாடு செய்தார். இரண்டு, அது கடன், தானம் அல்ல. ஆனாலும் அந்தப் பணத்தால் ஏறக்குறைய 14,000 வீடுகள் எழுந்தன. இடித்த பழைய குடியிருப்புகளின் செங்கல்லைக் கொண்டு ஜபாவுவில் எழுப்பிய ஓப்பன்ஹைமர் கோபுரம் இன்றும் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கு ஏற்ற இடம்.

ஹாரியின் சொந்தக் காரியம் என்றால், அப்பா நினைவாக 1958-இல் நிறுவிய அறக்கட்டளை. பணத்தை ஒரே மூச்சில் வழங்கிவிடாமல், மூலதனத்தை நிறுத்தி வருமானத்தைக் கல்விக்குச் செலவிடும் அமைப்பு. அதனால்தான் இன்றும் உயிரோடிருக்கிறது. நிறுவனங்களின் பெயரில் தலைவர் நிதி என்று ஒன்று தனியாக இயங்கியது. டர்பனுக்கு அருகே உம்லாசியில் 1979-இல் திறந்த மங்கோசூத்து டெக்னிகான் என்ற தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பெரும்பணம் அங்கிருந்துதான் வந்தது. டெக்னிகான் வேண்டும் என்று கேட்டவர் ஜூலு தலைவர் மங்கோசூத்து புத்தலேசி. அரசாங்கம் கறுப்பின மாணவர்களுக்குப் பொறியியல் கற்றுத்தரத் தயங்கிய காலம் அது.

1976 சொவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பிறகு தொழிலதிபர் ஆண்டன் ரூப்பர்ட்டோடு சேர்ந்து 'அர்பன் ஃபவுண்டேஷன்' தொடங்கினார். நகரத்துக் கறுப்பினத்தவருக்கு வீட்டுமனையில் 99 ஆண்டுக் குத்தகை உரிமை கிடைக்க அது அரசோடு வாதாடியது. கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்கு 1967 முதல் 1996 வரை வேந்தர். நிறவெறியை எதிர்த்த முற்போக்குக் கட்சிக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்தார். 1961 முதல் 1974 வரை அந்தக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே குரல் ஹெலன் சுஸ்மன்.

பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்: அந்தக் கட்சி அப்போது கேட்டது கல்வி, சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் வாக்குரிமை. ஆளுக்கொரு வாக்கு என்பதை ஹாரி நெடுங்காலம் ஏற்கவில்லை. பொருளாதாரத் தடைகளையும் எதிர்த்தார்.

ஃபீனிக்ஸ் வாசகர்: கொடை இருக்கட்டும். சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு என்ன கொடுத்தார்?

உங்கள் கேள்விதான் மற்றக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது.

கேப் டவுன் பொருளியலாளர் ஃப்ரான்சிஸ் வில்சன் கணக்கிட்டுக் காட்டியது இது: விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், கறுப்பினத் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் ரொக்கக் கூலி 1911-இல் இருந்ததைவிட 1969-இல் உயரவில்லை. வெள்ளைத் தொழிலாளியின் சம்பளம் 1911-இல் அதைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு, 1969-இல் 20 மடங்கு. இது ஆங்கிலோ மட்டும் செய்ததல்ல, முழுத் தொழிலும் செய்தது. எல்லாச் சுரங்கங்களுக்கும் ஆட்களை எடுத்தவை சுரங்க அதிபர் சங்கத்தின் அமைப்புகளே. கூலிக்கு உச்சவரம்பு வைத்து, எந்தச் சுரங்கமும் அதைத் தாண்டிக் கொடுத்து ஆளை இழுக்கக் கூடாது என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். தங்கம் விலையோ அவுன்ஸுக்கு 35 டாலரில் கட்டிக் கிடந்தது. செலவைக் குறைக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே இடம் கூலி.

1970-களில் கூலி ஏறியதற்கு மனமாற்றம் ஒரு சிறு காரணம்தான். 1971-க்குப் பிறகு தங்கம் விலை கட்டவிழ்ந்தது. 1974-இல் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற விமானம் ஃப்ரான்சிஸ்டவுனில் விழுந்ததும் மலாவி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு மொசாம்பிக் விடுதலை பெற்றது. அங்கிருந்து வருவோரும் குறைந்தார்கள். ஆள் கிடைக்காதபோது கூலி ஏறியது. மற்றச் சுரங்க அதிபர்களைவிட ஆங்கிலோ இதில் ஒரு அடி முன்னால் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தங்குமிடக் கதை இன்னும் கூர்மையானது. ஃப்ரீ ஸ்டேட் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர்களில் 10 சதவீதம் பேரையாவது மனைவி மக்களோடு குடியேற்ற ஆங்கிலோ அனுமதி கேட்டது. அரசு 3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. ஓப்பன்ஹைமர்களுக்கு ஆதரவாக வாதாடுவோர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பல சுரங்கங்கள் அந்த 3-ஐக்கூட நிரப்பவில்லை என்பது அடுத்த வரி. மற்றவர்கள் ஒரு அறைக்குப் பலராக, ஆண்கள் மட்டும் தங்கும் விடுதிகளில் ஒப்பந்தம் முடியும்வரை கிடந்தார்கள்.

1982-இல் சுரங்கத் தொழிலாளர் தேசியச் சங்கம் சிரில் ரமபோசா தலைமைச் செயலாளராக உருவானபோது, அதற்கு முதலில் காலூன்ற இடம் கிடைத்தவற்றில் ஆங்கிலோ சுரங்கங்கள் உண்டு. 1987 ஆகஸ்ட் வேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது. ஏறக்குறைய 50,000 பேர் வேலை இழந்தனர், அதிலும் ஆங்கிலோ சுரங்கங்களே முன்னணி. அப்போது ஹாரி ஓய்வு பெற்றுவிட்டார், தலைவர் கேவின் ரெல்லி. ஆனால் கட்டடத்தின் அடித்தளம் பழையது.

நியூகாசில் வாசகர்: என் தாத்தாவின் அப்பா இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. ஓப்பன்ஹைமரின் தங்கச் சுரங்கங்களில் நம் தமிழர்கள் ஏன் காணப்படவில்லை?

சட்டம் விடவில்லை. 1926-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத் திருத்தம் வெடிவைக்கும் சான்றிதழ் போன்ற திறன்வேலைச் சான்றுகளை யாருக்குத் தரலாம் என்று பட்டியல் போட்டது: ஐரோப்பியர், கேப் கலப்பினத்தார், கேப் மலாயர், மொரீஷியஸ் கிரியோல்கள், செயின்ட் ஹெலினாக்காரர்கள். ஆப்பிரிக்கரும் இந்தியரும் பட்டியலில் இல்லை. மொரீஷியஸ் கிரியோலுக்குக் கிடைத்த சான்று, அதே தீவிலிருந்து வந்த தமிழருக்குக் கிடையாது! 1987-இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெல்கம் பக்கம் போயிருக்கவும் முடியாது. ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்ற 1891-ஆம் ஆண்டுத் தடை 1980-களின் நடுவரை இருந்தது.

உங்கள் முன்னோர் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தின் வரலாறு வேறு. 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன்வீடுகளில் பேசிப் பேசித்தான் தொழிலாளர்களை வெளியே கொண்டுவந்தார்கள். நவம்பர் 6 அன்று காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லை தாண்டியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர் மீது விதித்திருந்த மூன்று பவுண்ட் வரி அடுத்த ஆண்டு ஒழிந்தது. ஆங்கிலோ அமெரிக்கன் அப்போது பிறக்கவே இல்லை.

வெரூலம் வாசகி: என் கணவர் 1988 முதல் 11 ஆண்டு தங்கச் சுரங்கத்தில், நிலத்தடியில் மின்வேலை பார்த்தார். இப்போது மூச்சு வாங்குகிறது. 'சிலிகோசிஸ்' என்கிறார் டாக்டர். ஆங்கிலோ அலுவலகத்துக்கு எழுதலாமா?

அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். ஆங்கிலோ தங்கச் சுரங்கத் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. சிலிகோசிஸ் நோயாளிகளுக்கு இழப்பீடு தர ஆறு நிறுவனங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட உடன்படிக்கையை ஜொகனஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் ஏற்றது. ஆங்கிலோ அமெரிக்கன் தென்னாப்பிரிக்கா அந்த ஆறில் ஒன்று. பணத்தைப் பகிர்வது 'ட்ஷியாமிசோ' அறக்கட்டளை. 1965 மார்ச் 12 முதல் 2019 டிசம்பர் 10 வரை, பட்டியலில் உள்ள சுரங்கங்களில், மொத்தம் இரண்டு ஆண்டாவது நிலத்தடியில் வேலை செய்திருக்க வேண்டும். நோயின் தீவிரத்தைப் பொறுத்து 10,000 முதல் 500,000 ராண்ட் வரை.

முதலில் வேலைச் சான்று. சுரங்கத்தின் பணிச்சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு, மருத்துவப் பரிசோதனை அட்டை, ஓய்வூதிய நிதிக் கடிதம் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் சிக்குகின்றன: அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், சுரங்கப் பதிவேட்டில் வேறொன்று. நம் பெயர்களில் அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று எழுத்தர் அன்று தன் விருப்பப்படி பிரித்திருப்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று போலீஸ் நிலையத்தில் சத்தியக் கடிதம் போட்டு முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். மின்வேலை என்றால் 'மேல்தள ஊழியர்' என்று பதிவாகியிருக்கவும் கூடும். நிலத்தடி இறங்கியதற்கான ஆதாரத்தைத் தேடுங்கள். மனு கொடுத்த பிறகு நுரையீரல் பரிசோதனையை அறக்கட்டளையே இலவசமாகச் செய்யும். 'நான் வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் கொடு' என்று வருகிற தரகருக்கு ஒரு சென்ட் தர வேண்டியதில்லை.

இதற்கும் அரசின் சுரங்கத் தொழில்நோய் இழப்பீட்டுக்கும் சம்பந்தமில்லை. அது 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி மனு. இரண்டையும் போடலாம். அந்தச் சட்டப்படி முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை இலவசப் பரிசோதனை உரிமையும் உண்டு. வேலையை விட்டுப் பத்து, இருபது ஆண்டு கழித்தும் நோய் தலைகாட்டும். பாறைத்தூளின் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் அடியில் தங்கி மெல்ல மெல்லத் தழும்பாக்குவதுதான் காரணம். இந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

டொங்காட் குடும்பம்: தாத்தா லாரித் தொழிலில் சேர்த்ததில் 20 லட்சம் ராண்டை அவர் பெயரில் படிப்புக்கு ஒதுக்க நினைக்கிறோம். ஓப்பன்ஹைமர் செய்தது போல் அறக்கட்டளை வைக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் கணக்கு. மூலதனத்தைத் தொடாமல், பணவீக்கத்துக்கும் விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் 80,000 ராண்ட். அதில் கணக்காளர் கட்டணமும் வங்கிக் கட்டணமும் போக ஒரு மாணவரின் ஓராண்டுப் படிப்புக்கே இழுபறி. இந்தத் தொகைக்குத் தனி அறக்கட்டளை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு பல்கலைக்கழகத்தில் தாத்தா பெயரில் உதவித்தொகை நிதியாக ஒப்படைத்தால் நிர்வாகம் அவர்கள் தலையில், வரிச்சலுகை ரசீதும் கிடைக்கும்.

இல்லை, நாங்களே நடத்துவோம் என்றால், அறக்கட்டளைப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் எழுதுங்கள். பத்திரத்தில் இல்லாததைப் பிறகு வருமான வரித்துறை ஏற்காது. ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும். தனி ஒருவர் முடிவெடுக்க இடமிருக்கக் கூடாது. கலைத்தால் மிச்சம் இதே போன்ற பொதுநல அமைப்புக்குத்தான் போக வேண்டும். அண்ணன், தம்பி, அண்ணி என்று மூவரைப் போட்டு எழுதிய பத்திரங்கள்தான் அதிகம் திரும்பி வருகின்றன.

பத்திரம், ஜே401 படிவம், ஒவ்வொரு அறங்காவலரின் சம்மதத்துக்கு ஜே417, அடையாள அட்டை நகல்கள், இவற்றோடு உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதிகாரக் கடிதம் வரும்வரை அறக்கட்டளை பெயரில் எதிலும் கையெழுத்திடாதீர்கள். அதற்கு முன் செய்த ஒப்பந்தம் செல்லாது. கடிதம் வந்த பிறகே வங்கிக் கணக்கு. 2023 முதல் உண்மையான பயனாளிகள் யார் என்ற பதிவேட்டையும் மாஸ்டரிடம் இணையவழியில் ஏற்ற வேண்டும். இதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் பலர்.

அடுத்து வருமான வரித்துறை: இஐ1 படிவம். அதில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள், வரிவிலக்கும் 18ஏ அனுமதியும். 18ஏ இருந்தால்தான் உங்களுக்குக் கொடுப்பவர் தன் வரிக்குட்பட்ட வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ள முடியும். மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்குப் போகும். படிப்புக்கு 18ஏ கிடைக்கும். கோயில் திருவிழாவுக்கும் காவடிக்கும் கிடைக்காது, ஏனென்றால் சமயப் பணிக்கு வரிவிலக்கு மட்டுமே உண்டு, 18ஏ இல்லை. கோயிலையும் உதவித்தொகையையும் ஒரே அறக்கட்டளையில் போட்டுக் கலந்தால் ரசீது எதற்குச் செல்லும் என்ற தகராறு வரும், பிரித்து வையுங்கள். தமிழ்நாட்டில் பூர்வீக ஊர்ப் பள்ளிக்கு அனுப்பும் பணத்துக்கும் 18ஏ இல்லை.

யாருக்கு உதவித்தொகை என்பதைத் தீர்மானிக்கும் குழுவில் கொடையாளிக்கோ மாணவருக்கோ உறவில்லாத மூவராவது வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கே பணம் போய்ச் சேரும் எண்ணம் இருந்தால் அதற்கு இது வழியல்ல, வேறு வகை அறக்கட்டளை இருக்கிறது. தாத்தா இன்னும் இருக்கிறார் என்றால் உயிலில் எழுதுவதும் நல்ல வழி: பொதுநல அமைப்புக்குப் போகும் தொகைக்கு மரணச் சொத்துவரி இல்லை. மற்றச் சொத்துக்கு 35 லட்சம் ராண்டுக்கு மேல் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

ஈசிப்பிங்கோ, சிறு வணிகர்: கொரோனா காலத்தில் ஓப்பன்ஹைமர் குடும்பம் நூறு கோடி ராண்ட் தானம் செய்தது என்கிறார்களே?

குடும்பம் கொடுத்தது தானம்தான். உங்களைப் போன்ற கடைக்காரர் கைக்கு வந்தது வட்டியில்லாக் கடன். ஹாரியின் மகன் நிக்கி ஓப்பன்ஹைமரும் அவர் மகன் ஜொனதனும் 2020 ஏப்ரலில் அந்த நிதியை அமைத்தார்கள். ஒரு தொழிலாளிக்கு வாரம் 750 ராண்ட், 15 வாரம், ஆக 11,250 ராண்ட். வங்கி வழியாக நேரே தொழிலாளி கணக்குக்குப் போனது, திருப்பிக் கட்டும் பொறுப்பு முதலாளிக்கு, ஐந்தாண்டுத் தவணை. முதலாளி வாங்கித் தன் வாடகைக்குக் கட்டிவிட முடியாதபடி அமைத்ததுதான் இதில் பாராட்ட வேண்டிய அம்சம்.

உம்கோமாஸ் வாசகர்: டி பியர்ஸ் இன்னும் அவர்களுடையதா?

இல்லை. கையிலிருந்த 40 சதவீதத்தை 510 கோடி டாலருக்கு ஆங்கிலோவிடமே விற்றார்கள். அறிவிப்பு 2011-இல், கைமாறியது 2012-இல்.

ரெசர்வோயர் ஹில்ஸ் ஆயா ஒருவர்: பேத்தி முதுகலை படிக்க வெளிநாடு போகிறாள். ஓப்பன்ஹைமர் அறக்கட்டளையில் கேட்கலாமா?

கேட்கலாம் ஆயா. முதுகலை, முனைவர் படிப்புகளுக்குத்தான் அவர்களுடைய கவனம் அதிகம். முழுச் செலவையும் ஒரே இடத்தில் கேட்பவர்களைவிட, 'கட்டணத்துக்கு இன்ன உதவி உறுதியாகிவிட்டது, தங்குமிடத்துக்கு இவ்வளவு குறைகிறது' என்று வரவு செலவோடு கேட்பவருக்கு வாய்ப்பு அதிகம். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே விண்ணப்பக் கடைசி நாளைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். முதல் பட்டத்துக்குப் படிக்கும் பேரன் இருந்தால் அவனுக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும்.

ஸ்டேங்கர் வாசகர்: சுரங்க வாரிசு ஒருவர் நம் மக்களுக்கென்று கொடுத்தது ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் பம்பாயிலிருந்து. டிரான்ஸ்வால் சத்தியாக்கிரகம் பணமில்லாமல் திணறிய 1909-இல் ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகன் ரத்தன் டாடா காந்திக்கு 25,000 ரூபாய் அனுப்பினார். பிறகும் அனுப்பி மொத்தம் 1,25,000 ரூபாய். இரும்புத் தாதும் உருக்குமாக அந்தக் குடும்பம் தொழிலை விரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கிளேர்வுட் வாசகர்: டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்தில் ஹாரியின் குதிரை ஜெயித்ததா?

மூன்று முறை. 1959 டைகர் ஃபிஷ், 1965 கிங் வில்லோ, 1975 பிரின்சிபல் பாய். குதிரைகளில் ஹாரியைவிட மனைவி பிரிஜெட்டுக்குத்தான் பைத்தியம் அதிகம்.